தனலட்சுமியின் ஜீப்பில் நான் சுற்றிய டேப்

நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து கேட்டீர்கள். என்ன எழுத என்றேன். உங்கள் சாதனைகளை எழுதுங்கள் ஆரோக்கியம் அண்ணே என்றீர்கள். சாதனையை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மீதிப் பக்கத்துக்கு நீங்கள் பேட்டரி விளம்பரம் தேடி அலைய வேண்டிவரும். அதனால் ஒரு தப்பை எழுதுகிறேன். எனக்கும் அதற்கும் நல்ல பழக்கம்.

கே.கே. நகரில் நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் எனக்கு 'மிலிட்டரி ஆரோக்கியம்' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் பட்டாளத்தில் இருந்ததில்லை. என்.சி.சி.யில்கூட இரண்டாவது வாரமே காலணி கடிக்கிறது என்று ஓடி வந்தவன். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப்புகளுக்கு வயரிங் செய்கிற ஆள் இந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை என்பதால் வந்த பெயர் அது. வாழைத் தோட்டக்காரர்களும் செங்கல் சூளைக்காரர்களும் அந்த ஜீப்புகளை வாங்கி உழைக்க விடுவார்கள். பிற்பாடு, பழைய வண்டி மேல் ஆசை வைத்த டாக்டர்களும் வியாபாரிகளும் வாங்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினார்கள். இரு தரப்புக்கும் நான்தான் வயர் மனிதன்.

அந்த ஜீப்புகளில் வயரோடு வயரைச் சேர்க்கும் கனெக்டர் கறுப்பு ரப்பர் உறை போட்டது. ஆற்றில் இறங்கி ஏறினாலும் உள்ளே ஈரம் போகாது. ஒரு பக்கம் பின், மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும் குழல். இதில் இரண்டு வகை உண்டு. வண்டி செய்த காலத்தைப் பொறுத்து ஒன்றோ மற்றதோ இருக்கும். எங்கள் பட்டறையில் ஒன்றுக்கு 'மெலிசு', மற்றதற்குத் 'தடிசு' என்று பெயர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வினை என்னவென்றால், மெலிசின் பின் தடிசின் குழலுக்குள் போகும். உள்ளே மட்டும் பூட்டாது. ரப்பர் இறுக்கிப் பிடிப்பதால் கைக்கு நன்றாகச் சேர்ந்தது போலவே இருக்கும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், எஞ்சின் ஓடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி இந்த விஷயத்தில் முரட்டு மனிதர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை; சொந்தப் பட்டறைக்கே பெயர்ப்பலகை வைக்காமல் இருந்தவர், இதற்குச் சம்மதிக்கமாட்டார். அவர் சட்டம் இதுதான்: சேர்த்தவுடன் இரண்டு விரலால் இழுத்துப் பார். வேறு வழியே இல்லாமல் மெலிசையும் தடிசையும் சேர்த்தால் அதன்மேல் சிவப்பு நூல் கட்டு. அது தற்காலிகம் என்று அடுத்துத் திறப்பவனுக்குத் தெரிய வேண்டும். சிவப்பு நூலோடு எந்த வண்டியும் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது. கனெக்டர் மேல் டேப் சுற்றினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "எதை மறைக்கிறே?" என்று கேட்பார்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான் நான். அப்படியும் செய்தேன்.

ஜீயபுரத்தில் கணேசன் என்று ஒரு வாழை விவசாயி. அவரும் அவருடைய அண்ணன் சின்னத்துரையும் சேர்ந்து ஒரு பழைய ராணுவ ஜீப் வைத்திருந்தார்கள். சேறாகக் கிடக்கும் வாழைக்கொல்லைக்குள் வேறு எந்த வண்டி போனாலும் மாட்டிக்கொள்ளும். அது யானை மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரும். கணேசன் ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவருடைய மனைவி தனலட்சுமி ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசன்ஸும் எடுத்தார். எடுத்த கையோடு ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு வாழை இலை கொண்டுபோய்ப் போடும் வியாபாரத்தைத் தொடங்கினார். இலைக்கட்டு ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தில் அவர் ஜீப்பில் போவதை டூவீலர்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் முன்னால் போன ஆட்டோவை இடித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

அந்த ஜீப்பின் டாஷ்போர்டு பக்கத்து வயர்களை எலி கடித்துவிட்டது என்று என்னிடம் வந்தது. எஞ்சின் பக்கத்து வயர்கள் நன்றாக இருந்தன; அதெல்லாம் தடிசு. நான் பாகம் பாகமாகப் பிரித்த பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த டாஷ்போர்டு வயர் கட்டு மெலிசு. தடிசு பின்கள் கையிருப்பில் கொஞ்சம்தான் இருந்தன. எல்லா இடத்துக்கும் மாற்றிப் போட்டேன். கடைசியாக, எஞ்சின் ஓடக் கரண்ட் கொண்டுபோகும் இக்னிஷன் வயருக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. மறுநாள் முகூர்த்த நாள், இலை போக வேண்டும் என்று தனலட்சுமி பட்டறையிலேயே காத்திருந்தார். மெலிசைத் தடிசுக்குள் செருகினேன். எஞ்சின் பாட்டுப் பாடியது. அடுத்த வாரம் பின் வந்ததும் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சிவப்பு நூல் கட்டினால் இது என்ன அண்ணே என்று கேட்பார், விளக்கம் சொல்ல வேண்டும். கறுப்பு டேப்பைச் சுற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த வாரம் பின் வந்தது. எனக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஜீப் வழியில் நிற்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எஞ்சின் செத்துவிடும். தனலட்சுமி வீட்டுக்குப் போன் செய்வார். சின்னத்துரை பைக்கில் போய்ச் சேர்வார். அவர் ஏறி ஸ்டார்ட்டரை மிதித்தால் ஒரே மிதியில் கிளம்பிவிடும். வீடுவரை ஓட்டி வருவார். ஒரு இருமல்கூட இருக்காது. இப்படி இரண்டு தடவை, மூன்று தடவை. ஆம்பளை மிதித்தால் கிளம்புகிறது, பொம்பளை ஓட்டினால் நிற்கிறது என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

என்னிடம் மூன்று முறை கொண்டுவந்தார்கள். மூன்று முறையும் ஓட்டிப் பார்த்தேன். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். பெட்ரோல் பக்கமும் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. என் டேப்பை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. அது நானே செய்த வேலை அல்லவா, அதில் என்ன இருக்கப்போகிறது? மூன்றாவது முறை சின்னத்துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார், வண்டியில் கோளாறா இல்லையா என்று. நான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "வண்டியில ஒண்ணும் இல்லைங்க."

அப்படிச் சொன்னால் மீதி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க நமக்கு நேரம் ஏது? பக்கத்தில் தனலட்சுமி நின்றுகொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்கப்புறம் சின்னத்துரை முடிவெடுத்துவிட்டார். ஜீப்பை விற்றுவிடுவது, இலை வியாபாரத்தை அவரே வாடகை வண்டி வைத்துப் பார்த்துக்கொள்வது, தனலட்சுமி வீட்டோடு இருப்பது. கணேசன் கட்டிலில் கிடந்தபடி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தில்லை நகரில் ஒரு பல் டாக்டர், பழைய ராணுவ வண்டிப் பைத்தியம், வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் என் வாடிக்கைக்காரர். அவருக்குப் பின்னால் அதே பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள், அத்தனை பேர் வண்டியும் என் பட்டறைக்குத்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வண்டியைப் பார்க்க வருவதாகவும், ஆரோக்கியம் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று நான் காலையிலேயே ஜீயபுரம் போய்விட்டேன். போனால், தனலட்சுமி இலைக்கட்டுகளை ஏற்றிக் கிளம்பத் தயாராக நிற்கிறார். அதுதான் கடைசி லோடு. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம், காலைப் பந்திக்கு இலை. திரும்பி வர எட்டரை ஆகும், அதுவரை உட்காருங்கள் என்றார் சின்னத்துரை. நான் யோசித்தேன். ஸ்ரீரங்கம் போனால் நல்ல காபி கிடைக்கும். நானும் போய்விட்டு வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற தர்ம சிந்தனையோடு ஏறினேன் என்று எழுதத்தான் ஆசை. காபிக்காகத்தான் ஏறினேன். ஆறு மாதமாக அந்த ஜீப்பைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன நாங்கள் யாரும், அவர் ஓட்டும்போது ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

நன்றாக ஓட்டினார். கரூர் ரோட்டில் பஸ்காரன் உரசிக்கொண்டு வந்தபோதும் பதறவில்லை. கியர் மாற்றுவது வெண்ணெய் மாதிரி இருந்தது. அண்ணா சிலை தாண்டிப் பாலத்தில் ஏறினோம். பாலத்தின் இணைப்பு ஒன்றில் சக்கரம் ஏறி இறங்கியது. எஞ்சின் செத்தது.

பின்னால் ஹாரன் ஆரம்பித்தது. டவுன் பஸ் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு எங்கள் முதுகில் நின்றது. தனலட்சுமி சுவிட்சை அணைத்துப் போட்டு, ஸ்டார்ட்டரை மிதித்தார். எஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர்கூடையைக் கழற்றி மடியில் வைத்து, தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் விலக்கிப் போனை எடுத்தார். கல்யாணத்துச் சமையல்காரர். போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"பந்தியிலே மனுஷா உக்காந்துண்டிருக்கா. இலை வந்து சேரலையேம்மா, எங்கே இருக்கேள்?"

பாலத்தில் இருக்கிறோம், இதோ வந்துவிடுகிறோம் என்றார் தனலட்சுமி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க மிதிங்கண்ணே. உங்களுக்குன்னா கெளம்பும்."

எனக்குச் சுருக்கென்றது. காலை நீட்டி நான் மிதித்தேன். ஒரே மிதி. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். வண்டி கிளம்பியதில் அவருக்குச் சந்தோஷமில்லை.

அவர் ஒயர்கூடையைப் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டினார். எஞ்சின் செத்தது.

அவருடைய கை இன்னும் கூடையை விட்டு வரவில்லை. நான் அந்தக் கையையே பார்த்தேன். கூடையைக் கழற்றச் சொன்னேன். மிதித்தேன். கிளம்பியது. இந்தக் கூடையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்று என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். காரணம் கேட்க அவருக்கு நேரமில்லை. மாம்பழச்சாலை வந்து சேர்வதற்குள் எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. டாஷ்போர்டுக்கு அடியில் வயர் கட்டைத் தாங்குகிற கிளாம்ப் ஒன்று கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதில்தான் கூடை தொங்கி, தன் கனத்தால் வயர் கட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆம்பளைகளுக்கெல்லாம் போன் சட்டைப் பையில். அவருக்கு ஏது பை? கூடையில்தான் வைப்பார். வண்டி நின்றால் போன் எடுக்கக் கூடையைக் கழற்றுவார். கழற்றினதும் வண்டி சரியாகிவிடும்; ஆனால் போன் செய்துவிட்டால் அவர் திரும்ப மிதிப்பதில்லை, ஆள் வரக் காத்திருப்பார். அதற்கப்புறம் யார் வந்து மிதித்தாலும் கிளம்பும். என் பட்டறைக்குக் கொண்டுவரும்போது மரியாதையாகக் கூடையை எடுத்துக்கொண்டுதான் வண்டியை விடுவார்.

மண்டபத்துப் பின்வாசலில் இலை இறங்கிக்கொண்டிருந்தது. தனலட்சுமி கட்டுகளை எண்ணிக் கொடுக்க உள்ளே போய்விட்டார். நான் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, பேனாக்கத்தியால் என் டேப்பை அறுத்தேன். மெலிசு, தடிசுக்குள்ளே. பின்னின் ஒரு பக்கம் கருகியிருந்தது. இரண்டு விரலால் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

தம்பிகளே, இப்போது என் நிலைமையைப் பாருங்கள். என் டூல் பையில் சரியான பின் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. போட்டும்விட்டேன், இழுத்தும் பார்த்தேன், எஞ்சினை ஓடவிட்டுக் கூடையைத் தொங்கவிட்டு ஆட்டியும் பார்த்தேன், எஞ்சின் நிற்கவில்லை. பார்த்தவர் யாருமில்லை. கூடையை அங்கே மாட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. பொய்கூட இல்லை அது. கூடை மாட்டியதால்தானே நின்றது? டாக்டர் வண்டியை வாங்கிக்கொள்வார், அவர் கூட்டம் என்னிடமே வரும், சின்னத்துரை என் கையைக் குலுக்குவார். ஆனால் சரியாகச் சேர்த்த கனெக்டராக இருந்தால் அந்தக் கூடை என்ன, ஒரு வாழைத்தாரையே தொங்கவிட்டிருக்கலாம். இது எனக்கு மட்டும் தெரியும்.

தனலட்சுமி வெளியே வந்தார். கையில் எனக்கு ஒரு டம்ளர் காபி. மண்டபத்தில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"திரும்பிப் போறப்ப என் காலைக் கொஞ்சம் பாருங்கண்ணே. நான் எதையோ தப்பா மிதிக்கிறேன்னு நெனைக்கிறேன். என்னன்னுதான் தெரியல."

ஜீப் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் கையை விட்டுப் போகப்போகிறது. இந்த நேரத்தில் இவர் தன் தப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார். நான் அந்தக் காபியைக் குடித்தேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வழி முழுவதும் அவர் காலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு வந்தேன். பயந்தாங்கொள்ளிக்கு அது வசதியாக இருந்தது.

ஜீயபுரத்தில் டாக்டர் முன்னதாகவே வந்து காத்திருந்தார். புதுக் கண்ணாடி, தொப்பி. ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கணேசனை நாற்காலியில் கொண்டுவந்து வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். சின்னத்துரை என்னிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணே. வண்டியில ஏதாவது இருக்கா?"

அறுத்த டேப்பையும் கருகின பின்னையும் பையிலிருந்து எடுத்து ஜீப்பின் பானெட்மேல் வைத்தேன்.

"வண்டியில கோளாறு இருந்துச்சு. நான் வச்சது. ரெண்டு வகை கனெக்டரை ஒண்ணா சேர்த்து, மேல டேப்பைச் சுத்தி அனுப்பிட்டேன். ஆறு மாசமா நின்னதெல்லாம் அதுனாலதான். தனலட்சுமி ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல."

கூடை விஷயத்தையும் சொன்னேன். சின்னத்துரை உடனே அதைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் கூடையால்தானே என்றார். இல்லை என்றேன். அந்தக் கூடையையே வாங்கிக் கிளாம்ப்பில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கூடையைப் பிடித்துக் கீழே நாலு இழு இழுத்துக் காட்டினேன். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. டாக்டர் கருகின பின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லைப் பிடுங்கிப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பிறகு தன்னுடைய ஜீப்பிலும் இப்படி எத்தனை இடத்தில் டேப் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மாதமே அவரும் அவர் நண்பர்களும் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

விற்பனை பற்றிக் கணேசன்தான் முதலில் வாயைத் திறந்தார். அதுவரை அவர் குரல் ஓங்கி நான் கேட்டதில்லை. வண்டி விற்கிறதுக்கு இல்லை, என் பங்கை நான் தரமாட்டேன், தனம்தான் ஓட்டும் என்று அண்ணனிடம் சொன்னார். டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். சின்னத்துரை கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நான் தனலட்சுமியிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கே கோளாறு எங்கே என்று தெரியாமல் இருந்தது அம்மா, தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றேன். உண்மைதான் அது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

அவர் கூடையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"தெரியலைன்னு சொல்லியிருந்தா போதுமேண்ணே. நீங்க ஒண்ணும் இல்லைன்னுல்ல சொன்னீங்க. நான் என்னையே நம்பாம போயிட்டேன்."

வரேன்மா என்று மட்டும் சொன்னேன். சரிண்ணே என்றார். மெயின் ரோடு வரை நடந்துவந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றேன். அரை மணி கழித்து அந்த ஜீப் என்னைத் தாண்டிப் போனது. அவர்தான் ஓட்டினார். என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை.